செம்புள்ளியும் சுடுவோர் கண்ணும்

கைத்துப்பாக்கிப் போட்டிகளில் நெடுங்காலம் பழகியவர்க்கு நாற்பத்தைந்து வயதளவில் ஒரு சோதனை வந்து சேர்கிறது. கை தளர்ந்துவிடவில்லை, மூச்சை அடக்கும் பயிற்சி குன்றவில்லை, விரலும் விசையை முன்போலவே மெல்ல அழுத்துகிறது. ஆயினும் இலக்குத் தாளிற் குண்டுகள் சிதறி விழுகின்றன. புத்தகத்தைக் கை நீட்டித் தூரப் பிடித்து வாசிக்கத் தொடங்கும் பருவம் அது. கண்ணினுள் இருக்கும் வில்லை தன் நெகிழ்ச்சியை இழந்து விறைத்துவிடுவதால், நீட்டிய கையின் முனையில் நிற்கும் துப்பாக்கியின் முற்குறி பனிமூட்டத்துட் கண்ட கம்பம்போல மங்கித் தோன்றுகிறது. முன்னாளில் இந்நிலையை அடைந்தவர் பலர் துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு ஓய்ந்தனர். இன்று அத்தகையோர் பலர் களத்தை விட்டு நீங்காது நிற்கின்றனர். அவர்களை நிற்கச் செய்தது ஏறக்குறையத் தீப்பெட்டியளவான ஒரு சிறு கருவி. ‘ரெட் டொட் சைற்’ என்று சுடுகளங்களில் வழங்கும் அதனைச் செம்புள்ளிக் குறிநோக்கி என்று கூறலாம்.

இக்கருவி செய்யும் உதவி யாது என்பதை அறிய, அது இல்லாதபோது கண் படும் பாட்டை முதலில் அறிதல் வேண்டும். சாதாரணக் கைத்துப்பாக்கியின் பின்புறத்தில் ஒரு வெட்டுடைய தகடும் முன்புறத்தில் ஒரு சிறு முளையும் உண்டு. பின்னுள்ள வெட்டின் நடுவே முன்னுள்ள முளையை நிறுத்தி, அவ்விரண்டையும் அப்பாலுள்ள இலக்கோடு பொருத்துவதே குறிபார்த்தல். மூன்றும் மூன்று தூரங்களில் உள்ளன. கண்ணோ ஒரு வேளையில் ஒரு தூரத்தையே தெளிவாகக் காட்டும். ஆதலின், முற்குறியைத் தெளிவாகப் பார், இலக்கு மங்கினால் மங்கட்டும் என்று ஆசிரியர்கள் கற்பித்து வந்தனர். கற்பிப்பது எளிது, முற்குறியையே தெளிவாகக் காணமாட்டாத கண்ணுக்கு அதனாற் பயனில்லை. பிழையின் விலையும் சிறிதன்று. இரு குறிகளுக்கும் இடையிலுள்ள தூரம் 160 மில்லிமீற்றர் என்று கொண்டால், முளை ஒரு மில்லிமீற்றர் விலகி நிற்கும்போது 25 மீற்றர் தொலைவில் குண்டு ஏறக்குறைய 156 மில்லிமீற்றர் விலகிச் செல்லும். ஒரு சாணின் அரைப்பங்கினும் அதிகம்.

இவ்விடரை நீக்கும் வழியைக் கண்டவர் துப்பாக்கி செய்பவர் அல்லர், தொலைநோக்கி செய்பவர். அயர்லாந்தின் டப்ளின் நகரிற் பெருந் தொலைநோக்கிகளைச் செய்து புகழ்பெற்ற சேர் ஹவார்ட் கிரப் என்பவர் 1900 ஆம் ஆண்டிலே தெறிப்புக் குறிநோக்கி ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். 1918 இல் ஜேர்மன் போர்விமானங்கள் சிலவற்றில் அவ்வகைக் கருவி இடம்பெற்றது. இரண்டாம் உலகப் போரில் அது விமானிகளுக்கு இன்றியமையாததாயிற்று. விமானத்தில் மின்விளக்கு ஏற்றலாம். கையிற் பிடிக்கும் துப்பாக்கியில் அதற்கு வழியில்லை. 1962 இல் அமெரிக்காவிலே ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஹொலோனியாக் சிவப்பொளி காலும் இருவாயியைச் செய்து காட்டியபின்னரே வழி பிறந்தது. எல். ஈ. டி. என்று இன்று சிறுவரும் அறிந்த பொருள் அதுவே. 1975 இல் சுவீடன் நாட்டின் எயிம்பொயின்ற் நிறுவனம் அதனைக் கொண்டு முதலாவது மின்னணுச் செம்புள்ளிக் குறிநோக்கியை விற்பனைக்கு விட்டது. போட்டிக்களத்தில் அதன் வலிமை ஐயமற விளங்கியது 1990 இல் எனலாம். அவ்வாண்டு அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் நடைபெற்ற செயன்முறைத் துப்பாக்கிச் சுடுதல் உலகப் போட்டியில் அமெரிக்கரான டக் கோனிக் செம்புள்ளிக் குறிநோக்கி பூட்டிய துப்பாக்கியோடு முதலிடம் பெற்றார்.

கருவியின் அமைப்பு வியக்கத்தக்க எளிமை உடையது. சட்டமொன்றிற் சிறிது சாய்வாக நிறுத்திய வளைந்த கண்ணாடி. அதன் குவியத்தில், கீழே பின்புறமாக, ஊசிமுனை போன்ற ஒளிகாலும் இருவாயி. அதற்கு மின்னூட்ட ஒரு நாணய வடிவ மின்கலம். கண்ணாடியின்மேற் பூசப்பட்ட மெல்லிய படலம் குறித்த ஒரு சிவப்பொளியைத் தெறிக்கச் செய்து, ஏனைய நிறங்களைத் தன்னூடே செல்ல விடுகிறது. குவியத்திலிருந்து புறப்பட்ட ஒளி வளைந்த பரப்பிற் பட்டுச் சமாந்தரக் கதிர்களாகக் கண்ணை வந்தடைகிறது. சமாந்தரக் கதிர்கள் முடிவிலாத் தொலைவிலுள்ள பொருளிலிருந்து வருவன போன்றவை. ஆகவே தூரத்தை நோக்கும் கண்ணுக்கு இலக்கும் புள்ளியும் ஒருங்கே தெளிவாகின்றன. இலக்கின்மீது சிவந்த பொட்டொன்று சென்று விழுகிறது என எண்ணுவோர் உளர். அது வேறு கருவியின் செயல். இங்குத் தோன்றும் புள்ளி மாயவிம்பம். சுடுபவரின் கண்ணுக்கே புலப்படும். இலக்கின் அருகே நிற்பவர் அதனைக் காணமாட்டார்.

மேலும் ஒரு சிறப்பு உண்டு. கண் சாளரத்தின் நடுவிலிருந்து சற்று விலகினாலும் புள்ளி இலக்கை விட்டு வெகுதூரம் விலகாது. ‘இடமாறு தோற்ற வழு அறவே அற்றது’ என்று விற்பனையாளர் சிலர் முழங்குவர். அது மிகை. கதிர்கள் முற்றும் சமாந்தரமாயிருக்கும் நல்ல கருவியிலும், கண் எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு குறியும் விலகும். ஆனால் அது தூரத்தோடு வளர்வதில்லை. சாளரம் 24 மில்லிமீற்றர் அகலமெனின், கண் ஓரத்திற்கே சென்றாலும் வழு 12 மில்லிமீற்றரை விஞ்சாது. முன்னர்க் கூறிய 156 மில்லிமீற்றரோடு இதனை ஒப்பிட்டு நோக்கின் கருவியின் பெருமை விளங்கும். கண்ணாடியின் வளைவு செம்மையாக அமையாத மலிவான கருவிகளில் மட்டும் வழு இந்த எல்லையைக் கடக்கும்.

வாங்கப் புறப்படுபவர் கடைக்குச் செல்லுமுன் தாம் கலந்துகொள்ளும் போட்டியின் விதிநூலைப் படித்தல் நன்று. ஒலிம்பிக் போட்டிகளை நெறிப்படுத்தும் சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதற் சம்மேளனம் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் இக்கருவியை அனுமதிப்பதில்லை. திறந்த இரும்புக் குறிகளே அங்குச் செல்லும். செயன்முறைச் சுடுதலில் திறந்த பிரிவிலும் ஒளிக்குறிக்கென ஏற்பட்ட பிரிவிலும் அனுமதி உண்டு. ஏனைய பிரிவுகள் பலவற்றில் இல்லை. அமெரிக்காவில் 25, 50 யார் தூரங்களில் ஒற்றைக் கையாற் சுடும் வட்ட இலக்குப் போட்டியில் இது பெருவழக்கு. பணம் கொடுத்து வாங்கிய பின்னர் விதியைப் படித்து வருந்துவோர் எந்நாட்டிலும் உளர்.

அடுத்து வருவது புள்ளியின் பருமன். அதனைக் கோணத்தால் அளப்பர். ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் வருவது ஒரு கலை. பஞ்சாங்கக் கணிதர் கையாளும் அதே கலைதான். ஒரு கலை என்பது 25 மீற்றர் தூரத்தில் ஏறக்குறைய 7.3 மில்லிமீற்றரை அடக்கும். கடைகளிற் கிடைக்கும் குறிநோக்கிகளில் 2 கலை முதல் 8 கலை வரையான புள்ளிகள் உள்ளன. சிறிய புள்ளி நுட்பமானது, ஆதலால் சிறந்தது என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. 50 யார் வட்ட இலக்கிற் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டம் 3.36 அங்குலம், அதாவது 85 மில்லிமீற்றர். 6 கலைப் புள்ளி அத்தூரத்தில் 80 மில்லிமீற்றரை மறைத்துவிடும். நின்று நிதானமாகச் சுடுபவர்க்கு 3 கலை அளவான புள்ளியே இலக்கின் நடுவை விட்டுக்கொடுக்கும். ஓடிச் சென்று, பல இலக்குகளை மாறி மாறிச் செக்கன் கணக்கிற் சுடுபவருக்கோ நிலைமை வேறு. அவர் புள்ளியைத் தேடக்கூடாது. புள்ளி அவர் கண்ணில் வந்து விழ வேண்டும். 6 அல்லது 8 கலைப் புள்ளி அவருக்கு உற்ற துணை. நடுக்கத்தைப் பொறுத்தவரையும் பெரிய புள்ளி ஒரு நன்மை செய்கிறது: சிறிய அசைவுகளைத் தன் பருமனுள் அடக்கிக்கொண்டு சுடுபவரின் மனத்தை அமைதியாக வைத்திருக்கிறது.

குறிநோக்கியை எங்கே பூட்டுவது என்பதிலும் இரு வழிகள் உள்ளன. திறந்த பிரிவிற் சுடுவோர் துப்பாக்கியின் அடிச்சட்டத்தோடு ஒரு தாங்கியை இணைத்து அதன்மேற் குறிநோக்கியை இருத்துவர். சுடும்போது மேற்பாகம் அதன் கீழே ஓடி மீளும். குறிநோக்கி அசைவின்றி நிற்கும். மற்றவர்கள் ‘சிலைட்’ எனப்படும் அம்மேற்பாகத்தின்மீதே பூட்டுகின்றனர். இங்குத்தான் கருவி கடும் சோதனைக்கு ஆளாகிறது. 9 மில்லிமீற்றர்த் துப்பாக்கியில் மேற்பாகம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கினுட் செக்கனுக்கு 5, 6 மீற்றர் வேகத்தை அடைந்து பின்னோடுகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஐந்நூறு மடங்கிற்கு மேல் எனக் கணக்கிடலாம். ஓடிய மேற்பாகம் தடையில் மோதி நின்று மறுபடி முன்னே பாய்கிறது. ஒரு மாதப் பயிற்சியில் இவ்வதிர்ச்சி ஆயிரந் தடவைக்கு மேல் நிகழக்கூடும். இணைப்பு விட்டுப்போகும், மின்கலத்தின் தொடுகை தளரும், ஆணி இளகும். மேற்பாகத்திற் பூட்டும் கருவி பாரம் குறைந்ததாயிருத்தலும் வேண்டும். பாரம் கூடினால் மேற்பாகம் முழுத்தூரம் ஓடாது வெற்று ரவைக்கூடு சிக்கிக்கொள்ள நேரும்.

ஒளியின் செறிவைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவிகள் சில உள்ளன. கேட்பதற்கு இனிய வசதிதான். எனினும் கூரையிட்ட சுடுதளத்தின் நிழலில் நிற்பவர் நண்பகல் வெயிலில் ஒளிரும் வெண்தாளை நோக்கும்போது, நிழலை அளந்த கருவி புள்ளியை மங்கச் செய்துவிடும். புள்ளி வெளிச்சத்திற் கரைந்து போகும். கையாற் கூட்டிக் குறைக்கும் பொத்தான் உள்ள கருவியே போட்டியாளர்க்கு நம்பகமானது. மழைநாட்டிற் சுடுவோர் இன்னொன்றையும் எண்ண வேண்டும். திறந்த அமைப்புடைய கருவியில் ஒரு துளி நீர் இருவாயியின்மேல் விழுந்தாற் போதும், புள்ளி சிதறிப் பல்கிவிடும். முன்னும் பின்னும் கண்ணாடியிட்டு மூடிய கருவிகள் இக்குறையை நீக்குகின்றன. அவை சற்றே பருத்தவை, விலையும் மிகுந்தவை.

இனிச் சோதனை. ஒரு ரவையும் செலவிடாமல் மேசையிலேயே செய்யத்தக்க சோதனைகள் உள்ளன. துப்பாக்கியில் ரவை இல்லையென்று இருமுறை பார்த்தபின்னரே, அதுவும் ஆபத்தற்ற திசையை நோக்கியே, இவை செய்யப்படும்.

புள்ளி வட்டமாகத் தோன்றாது வால்நட்சத்திரம்போல இழுபட்டோ, கொத்தாகச் சிதறியோ தோன்றுகிறது என்று குறைகூறிக் கருவியைத் திருப்பிக் கொடுப்போர் பலர். அவர்களுட் பெரும்பாலோர்க்குக் குறை கருவியில் இல்லை, கண்ணில் இருக்கிறது. கருவிழியின் முன்பரப்பு எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இல்லாதவர்க்கு ஒளிப்புள்ளி இவ்வாறு இழுபட்டுக் காணப்படும். அறியும் வழி எளிது. குறிநோக்கியை மெல்லச் சுழற்ற வேண்டும். இழுபட்ட வால் கருவியோடு சுழன்றால் பிழை கருவியினது. சுழலாமல் நின்ற திசையிலேயே நின்றால் பிழை கண்ணினது. கடதாசியில் ஊசியால் ஒரு துளையிட்டு அதனூடே பார்த்தாலும், கண்ணின் பிழையாயின் புள்ளி திருந்தித் தோன்றும். அத்தகையோர் நாட வேண்டியவர் துப்பாக்கி வியாபாரி அல்லர், கண் வைத்தியர். புள்ளியை மிகப் பிரகாசமாக வைத்திருப்பதும் அதனைப் பூத்துச் சிதறச் செய்யும். ஒளியைக் குறைத்தாலே பாதிக் குறை நீங்குவதுண்டு.

இடமாறு தோற்ற வழுவை அறியத் துப்பாக்கியை மணல்மூட்டைகளுக்கிடையே அசையாது இருத்தி, 25 மீற்றரிலுள்ள தாளில் புள்ளியை நிறுத்த வேண்டும். பின்னர்த் துப்பாக்கியைத் தொடாது தலையை மட்டும் மேலும் கீழும் இடமும் வலமும் அசைத்துப் பார்த்தல் வேண்டும். புள்ளி நகரும் தூரம் சாளரத்தின் அரையகலத்திற்கு உட்பட்டதாயின் திருப்தி அடையலாம்.

அதே நிலையில் திருகுகளின் நேர்மையையும் அளந்துவிடலாம். ஒரு சொடுக்கிற்கு ஒரு கலை என்று விளக்கத்தாள் கூறுமாயின், பத்துச் சொடுக்கிற்குப் புள்ளி 73 மில்லிமீற்றர் நகர வேண்டும். தாளிற் சதுரம் ஒன்று வரைந்து, பத்துச் சொடுக்கு மேலே, பத்து வலத்தே, பத்துக் கீழே, பத்து இடத்தே எனத் திருப்பினால் புள்ளி புறப்பட்ட மூலைக்கே வந்து சேர வேண்டும். சேராவிட்டால், அல்லது மேலே திருப்பும்போது பக்கவாட்டிலும் நழுவினால், அக்கருவி போட்டிக்கு உதவாது. குறித்த அளவினும் சொடுக்கு சிறிது கூடியோ குறைந்தோ இருப்பது பெருங்குற்றமன்று. எப்போதும் ஒரே அளவாய் இருத்தலே வேண்டப்படுவது.

சுட்டுப் பார்க்கும் சோதனையிற் பொறுமையே முதற் கருவி. மூன்று குண்டுகள் நெருங்கி விழுந்தவுடன் திருகைத் தொடுவது பொதுவாகக் காணப்படும் தவறு. மூன்று குண்டுகளின் நெருக்கம் தற்செயலாயும் நேரும். பத்துக் குண்டுகளைச் சுட்டு, அவற்றின் நடுவிடத்தைக் கண்டு, அதற்கேற்பத் திருத்துவதே முறை. பின்னர் இருநூறு முந்நூறு ரவைகள் வழக்கமான பயிற்சியிற் செலவான பின் மீண்டும் பத்துக் குண்டுகள். நடுவிடம் நகர்ந்திருந்தால் முதலில் ஐயுற வேண்டியது கண்ணாடியை அன்று, கீழுள்ள ஆணிகளை. ஆணித் தலைக்கும் சட்டத்திற்கும் குறுக்கே வண்ணத்தால் ஒரு கோடிட்டு வைப்பவர், கோடு முறிந்திருப்பதைக் கண்டவுடன் ஆணி திரும்பியதை அறிவார். புள்ளியின் கோடு குழலின் கோட்டிற்கு ஏறக்குறைய 30 மில்லிமீற்றர் மேலே செல்வது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 25 மீற்றருக்குப் பொருத்திய துப்பாக்கி 3 மீற்றரில் ஓரங்குலமளவு தாழ்வாகச் சுடும். அருகிலுள்ள இலக்கில் இதனை மறந்து புள்ளி இழந்தவர் பலர்.

இத்தனையும் தேறிய கருவியைப் பூட்டிக்கொண்டு களத்திற் கால்வைப்பவர் முதல் நாளிற் பெரும்பாலும் ஏமாற்றம் அடைகிறார். இரும்புக் குறியோடு சுட்டபோது தம் கை அசைவற்றதென்று எண்ணியிருந்தவர் அவர். இப்போது புள்ளி இலக்கின்மேற் கொசுபோலத் துள்ளுகிறது. கை முன்னும் இவ்வாறே நடுங்கிற்று, மங்கிய முற்குறி அதனை மறைத்தது, செம்புள்ளி மறைக்கவில்லை. துள்ளும் புள்ளி நடுவைக் கடக்கும் கணத்திற் சுட்டுவிட வேண்டுமென்று அவர் விசையை வெடுக்கென இழுக்கிறார். குண்டு வளையத்திற்கே வெளியே போகிறது. கருவி கண்ணின் சுமையைக் குறைத்ததேயன்றிக் கையின் வேலையை ஏற்கவில்லை. புள்ளி வளையத்துள் அலைவதற்கு இடங்கொடுத்து, அலையும்போதே விரலை ஒரே சீராக அழுத்துபவரின் குண்டு வளையத்துள்ளேயே விழும். வளையத்துள் அலையும் புள்ளி வளையத்திற்கு வெளியே சுடுவதில்லையன்றோ.

இதனைக் கற்பிக்கும் ஆசிரியரும் அப்புள்ளியே. ரவையற்ற துப்பாக்கியோடு வெறுஞ் சுவரை நோக்கி விசையை அழுத்துகையில், சுத்தியல் விழும் கணத்திற் புள்ளி எப்பக்கம் தாவுகிறது என்று கவனித்தல் வேண்டும். வலக்கையாற் சுடுபவரது புள்ளி இடப்பக்கம் கீழே தாவுமாயின், விரலோடு கை முழுவதும் இறுகுகிறது என்பது பொருள். முன்பு ஓர் ஆசிரியர் அருகிருந்து பல நாள் நோக்கிக் கூறியதை இன்று மாணாக்கன் தனித்திருந்து தன் கண்ணாற் காண்கிறான். நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் இவ்வாறு பழகியவர்க்கு ரவைச் செலவு பெரிதும் மிச்சம். பிடியைச் சோதிக்கவும் இது ஏற்றது. கண்ணை மூடித் துப்பாக்கியை உயர்த்திப் பின்னர்த் திறந்து பார்க்கும்போது புள்ளி சாளரத்துள் இல்லையானால், குறை பெரும்பாலும் மணிக்கட்டின் கோணத்தில் இருக்கும்; பெரிய சாளரமுள்ள வேறொரு கருவியை வாங்குமுன் இதனைத் திருத்திப் பார்ப்பது சிக்கனம்.

எஞ்சியது பராமரிப்பு. கண்ணாடியின் பூச்சு நுட்பமானது. சட்டை முனையால் துடைத்தல் ஆகாது, துப்பாக்கி துப்புரவாக்கும் எண்ணெயும் அதிற் படலாகாது. மின்கலம் பெரும்பாலும் சீ. ஆர். 2032 என்னும் வகையினது. அவ்வெண்ணே அதன் அளவைக் கூறுகிறது, விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர். பல்லாயிரம் மணி நேரம் உழைக்குமென்று பெட்டியில் அச்சிட்டிருப்பது நடுத்தர ஒளியிற் கணித்த கணக்கு. வெயிலிற் சுடுவோர் முழு ஒளியைக் கையாளுவதால் அக்கணக்கு அவர்க்குப் பொருந்தாது. அநுபவம் மிக்கோர் புள்ளி மங்கும்வரை காத்திராமல் ஆண்டுக்கொரு முறை குறித்த ஒரு நாளில் மின்கலத்தை மாற்றிவிடுவர். கழற்றிய பழைய மின்கலத்தைச் சிறுவர் கைக்கு எட்டாது அப்புறப்படுத்துவதும் அவர்கள் வழக்கம். விழுங்கப்பட்ட நாணய மின்கலம் குழந்தையின் உணவுக்குழாயைச் சில மணி நேரத்திற் புண்ணாக்கிவிடும். சில கருவிகளில் மின்கலம் அடிப்புறத்தில் உள்ளது. அதனை மாற்றக் குறிநோக்கியையே கழற்ற வேண்டும். அவ்வகைக் கருவி உடையவர் மாற்றிய அன்றே ஆணிகளை முறுக்கி, வண்ணக் கோட்டைப் புதிதாக இட்டு, மீண்டும் பத்துக் குண்டுகளைத் தாளிற் சுட்டு நடுவிடத்தைக் குறித்துக்கொள்வர். போட்டி நாளன்று காலையில் அவ்வேலைக்கு நேரம் இராது.